அணுவின் அடையாளம்

தூத்துக்குடிக் கடற்கரை பழம்பெருமை வாய்ந்தது. அதன் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில், பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் சிறந்து விளங்கிற்று. அங்கு எடுக்கப்பட்ட முத்தின் புகழைக் கிரேக்கரும் உரோமானியரும் அறிந்திருந்தனர். கடல் பின்வாங்கியதால் கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் முன்போல் பெரிய முத்துக்குளிப்பும் நடைபெறவில்லை. ஆயினும் உப்பளங்களில் வெண்ணிறக் குவியல்கள் இன்றும் கதிரொளியில் மின்னிக்கொண்டிருக்கின்றன.

ஒரு முத்தையும் ஓர் உப்புக்கல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெண்மையானவை, இரண்டும் கடல் தந்தவை. எனினும் ஒன்று நீரில் கரைந்துவிடும், மற்றொன்று கரையாது. ஒன்று உணவுக்குச் சுவை கூட்டும். மற்றொன்று கழுத்துக்கு அணியாகும். இவ்வேறுபாட்டின் வேர் எங்கே உள்ளது?

உப்பு, சோடியம், குளோரின் என்னும் இரு தனிமங்கள் சேர்ந்த பொருள். முத்தின் பெரும்பகுதியோ கால்சியம், கார்பன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆனது. ஒவ்வொரு தனிமமும் கண்ணுக்குப் புலனாகாத அணுக்களால் ஆனது. ஆகவே, ஓர் அணுவைச் சோடியம் என்றும் மற்றோர் அணுவைக் கால்சியம் என்றும் பிரித்துக் காட்டுவது எது என்பதே நாம் அறிய வேண்டுவது.

1973ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியினுள் சிறு மணி ஒன்றைக் கருவாக வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். அம்முத்தின் நடுவே ஒரு கரு இருப்பதைப் போலவே அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. ஆனால் இவ்வுவமை ஓரளவே பொருந்தும். வளர்ப்பு முத்தில் கரு பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்; அணுவிலோ அது மிக மிகச் சிறியது. அணுக்கருவை ஒரு முத்தின் அளவுக்குப் பெருக்கித் துறைமுகத்தின் நடுவே வைப்பதாகக் கொள்வோம். அப்போது அணுவின் விளிம்பு சில நூறு மீட்டர் தொலைவில் இருக்கும். இடைப்பட்ட பெருவெளியில் எதிர்மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்கள் உலவும்.

இச்சிறு கருவிலேதான் அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் அடங்கியுள்ளது. கருவில் இருவகைத் துகள்கள் உள்ளன. நேர்மின்னூட்டம் கொண்டது புரோட்டான்; மின்னூட்டம் அற்றது நியூட்ரான். ஒரு புரோட்டான், எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு எடையுள்ளது. ஆயினும் இரண்டின் மின்னூட்டமும் அளவில் சமமே. நேர்மின் துகள்கள் ஒன்றையொன்று விலக்குமே, அவை ஒரே கருவில் எவ்வாறு கூடி வாழ்கின்றன என்று நீங்கள் வினவலாம். மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயற்படும் வலிய கருவிசை ஒன்று அவற்றைப் பிணித்து வைக்கிறது. நியூட்ரான்களும் அப்பிணைப்புக்குத் துணை நிற்கின்றன.

அணுவுக்குக் கரு உண்டென்பதை 1911இல் உலகுக்கு உணர்த்தியவர் ரூதர்போர்டு என்னும் அறிஞர். அவர் நைட்ரஜன் வாயுவின் மீது ஆல்பா துகள்களைப் பாயச் செய்தார். ஹைட்ரஜனின் கருக்கள் வெளிப்படக் கண்டார். 1919இல் இதனை வெளியிட்டார். நைட்ரஜன் கருவில் 7 புரோட்டான்கள் உண்டு; ஆல்பா துகளில் 2 உண்டு. இரண்டும் சேர்ந்து, ஒன்று வெளியேறினால் எஞ்சுவன 8. அவ்வெட்டுப் புரோட்டான்களைக் கொண்டது ஆக்சிஜன்! எண்ணிக்கை மாறியதும் தனிமமே மாறிவிட்டது. வெளிவந்த அத்துகளுக்கு 1920இல் ‘முதலாவது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையொட்டிப் புரோட்டான் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இவ்வெண்ணின் சிறப்பை ஆய்வால் நிறுவியவர் மோஸ்லி என்னும் இளைஞர். 1913இல் அவர் கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தார். படியில் ஏறுவது போல, தனிமத்துக்குத் தனிமம் கருவின் மின்னூட்டம் ஒவ்வொன்றாக உயர்வதைக் கண்டார். தனிமங்களுக்குரிய வரிசையைத் தருவது எடை அன்று, இவ்வெண்ணே என்பது தெளிவாயிற்று. இதுவே அணு எண். கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, சோடியத்துக்கு 11, குளோரினுக்கு 17, கால்சியத்துக்கு 20. இத்துணை அரிய உண்மையைக் கண்ட மோஸ்லி, முதல் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு தம் இருபத்தேழாம் வயதில் மாண்டது அறிவுலகுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள் வரலாம், போகலாம். சோடியம் நீர் பட்டதும் சீறி எரியும் உலோகம்; குளோரின் நச்சு வாயு. சோடியம் அணு ஓர் எலெக்ட்ரானைக் குளோரினுக்கு ஈந்துவிட்டால் இரண்டும் அடங்கி, நாம் உண்ணும் உப்பாகின்றன. எனினும் சோடியம் சோடியமாகவே இருக்கிறது; அதன் 11 புரோட்டான்களில் ஒன்றும் குறையவில்லை அன்றோ?

நியூட்ரான் கூடினாலும் பெயர் மாறாது. ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான். ஆனால் கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றின் கருவில் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கும். இக்கன ஹைட்ரஜனை 1931இல் யூரே என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார். எடை இருமடங்கானாலும் அதுவும் ஹைட்ரஜனே. அது ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது கனநீர். கனநீர்ப் பனிக்கட்டியைச் சாதாரண நீரில் இட்டால் மிதவாது மூழ்கும். இந்நீரைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று தூத்துக்குடியிலேயே 1978இல் இயங்கத் தொடங்கியது. உரத்தொழிற்சாலையில் அம்மோனியா ஆக்கப் பயன்படும் வாயுவிலிருந்து அது கன ஹைட்ரஜனைப் பிரித்துத் தந்தது. அணு உலையில் விரையும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீர் உதவுகிறது. 1983இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய உலை இவ்வகையைச் சார்ந்ததே.

எலெக்ட்ரான் நீங்கினால் மின்னூட்டம் மாறும். நியூட்ரான் கூடினால் எடை மாறும். புரோட்டானின் எண்ணிக்கை மாறினாலோ தனிமமே மாறிவிடும். உப்பிலுள்ள புரோட்டானுக்கும் முத்திலுள்ள புரோட்டானுக்கும் எவ்வித வேற்றுமையும் இல்லை. உயர்வும் தாழ்வும் நாம் இட்ட விலையே. இயற்கை அறிந்தது எண்ணிக்கை ஒன்றையே. உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருபவரின் உடலிலும், அம்முத்தை அணிபவரின் உடலிலும், இக்கணக்கின்படியே கால்சியமும் சோடியமும் அமைந்துள்ளன. அடுத்த முறை உணவில் உப்பிடும்போது இதனை நினைவு கொள்ளுங்கள்.