கேஸ் பிடிக்கக் கூடாதாமே!

என் நாத்தனார் மகள் திருத்தணி கோர்ட்டில் வக்கீல். இரண்டு வருஷமாகியும் சொல்லிக்கொள்கிற மாதிரி கேஸ் இல்லை. 'பேசாமல் டீச்சர் வேலைக்குப் போ' என்று வீட்டில் நச்சரிப்பு.

"பேப்பரில் விளம்பரம் கொடேன்டி" என்றேன்.

"பார் கவுன்சில் விதி 36-ன்படி விளம்பரமும் கூடாது, ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கவும் கூடாது அத்தை. போர்டு கூட அளவாகத்தான் இருக்கணும்" என்றாள்.

அவளுடைய சீனியரம்மா வேறு வழி சொல்லிக் கொடுத்தாராம். வருகிறவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதே. ஃபீஸை முதலிலேயே எழுதிக் கொடு. வாய்தா தேதியை நீயே போனில் சொல். 1960 வரை ஆந்திராவோடு இருந்த ஊராச்சே, தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கிலேயே பேசு!

சொத்தில் பங்கு கேட்டு வந்த ஒரு அம்மாளிடம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்லி, சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பினாளாம். "வந்த ஃபீஸும் போச்சா?" என்றேன். அந்த அம்மாளே போன வாரம் இரண்டு பேரை அழைத்து வந்தாராம்.

- ஒரு வாசகி, திருத்தணி.