மெத்தை ஆசனங்களைச் சுத்தம் செய்யும் முறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. அருவிக்கு வருவோர் உடல் முழுதும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் செய்து, நீராடி, ஈரத் தலையுடனேயே அறைக்குத் திரும்பி ஸோபாவில் சாய்ந்துவிடுகின்றனர். சாரல் ஓய்ந்தபின் பார்த்தால், தலை சாயும் இடத்தில் கறுத்த பிசுக்கும், அறையில் ஒருவித முடைநாற்றமும் மிஞ்சியிருக்கும்.

விடுதிக்காரர் கவலை நமக்கு எதற்கு என அங்கத்தினர்கள் வினவலாம். காரணம் உண்டு. அத்தகைய விடுதி ஒன்றிலிருந்து, சங்கத்தில் வாங்கிய கைத்தறித் துணி சாயம் போய்விட்டதெனப் புகார் வந்தது. நாம் நேரில் சென்று பார்த்தோம். பணியாள் ஒரு வாளி நீரில் சலவைத் தூளைக் கரைத்து, நார்த் தூரிகையால் தேய்த்து, அழுக்குப் போகட்டும் என்று மேலும் நீர் ஊற்றியிருக்கிறார். மேல்துணி மறுநாளே உலர்ந்தது. உள்ளே திணித்த பஞ்சும் தேங்காய் நாரும் உலரவில்லை. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, உலரும் துணி உள்ளிருந்த ஈரத்தை இழுத்தது. அதனுடன் நாரின் பழுப்பும் பழைய அழுக்கும் ஏறி, வளையம் வளையமாகப் படிந்துவிட்டன. சாயம் போகவே இல்லை, பழுப்பு ஏறியிருந்தது. ஆயினும் பழி நெய்தவர் தலையில் விழுந்தது. அடுத்த கொள்முதலும் வேறிடத்துக்குப் போயிற்று.

ஆகவே மெத்தை ஆசனத்துக்கு அழுக்கைவிட நீரே பெரும் பகை என்பதை முதலில் உணர வேண்டும். உலர்ந்த தூசியை மென்மையான தூரிகையாலோ, தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலோ முழுதும் அகற்றாமல் ஈரம் பட விடலாகாது. பட்டால் தூசி சேறாகி நூலிழைகளுக்குள் புகுந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் முகப்பவுடரையோ மக்காச்சோள மாவையோ தூவி, ஓர் இரவு விட்டுவைத்துத் துடைத்தெடுத்தால் எண்ணெயில் பெரும்பகுதி அதனுடன் வந்துவிடும்.

பிறகு சோதனை. ஆசனத்தின் பின்புறம் மறைவான ஓரிடத்தில், சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைச் சற்று அழுத்தி எடுக்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவது நலம். ஒட்டாவிடில், மென்மையான சவர்க்காரத்தை நீரில் அடித்து நுரை எழுப்பி, நுரையை மட்டும் எடுத்து ஒற்ற வேண்டும்; நீரைத் தொடவே கூடாது. கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுக. அழுத்தித் தேய்த்தால் இழை பிசிர்விடும். கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தாமல், தையல் முதல் தையல் வரை ஒரே சீராகத் துடைத்தால் வளையம் விழாது. முடிவில், தூய நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் நுரையை எடுத்துவிட்டு, வெயில் படாமல் மின்விசிறியின்கீழ் உலர்த்துக.

சாரல் காலத்தில் இவ்வேலையை மேற்கொள்ளலாகாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் எதுவும் எளிதில் உலராது. இரண்டு நாள் உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களும், சாரலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடைப்பட்ட செப்டம்பரும் தக்க காலம்.

பஞ்சணை உறையில் ஜிப் வைத்திருப்பதைக் கண்டு கழற்றித் துவைப்பவர் பலர். முன்கூட்டிச் சுருக்கப்படாத பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும். பிறகு அவ்வுறை பஞ்சணைக்கு ஏறாது. பிளீச்சிங் பவுடரோ கெட்டிச் சாயத்தையும் கெடுக்க வல்லது.

இவையெல்லாம் வாங்குவோருக்கு எவ்வாறு தெரியும்? அமெரிக்காவில் இத்தகைய துணிகளுக்கு எழுத்துக்குறி இடும் வழக்கம் உண்டு. 'டபிள்யூ' என்றால் நீர் கலந்த நுரை ஆகும். 'எஸ்' என்றால் நீர் ஆகாது, கரைப்பான் மட்டுமே. 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு சரி. நம் சங்கங்களில் இன்ன பாவுக்கு வாட் சாயம், இன்னதற்கு நேரடிச் சாயம் என்பது சாயம் போட்டவருக்கு நன்கு தெரியும். அந்தச் செய்தி கிடங்கைத் தாண்டுவதில்லை. வாட் சாயம் நுரைக்கு அஞ்சாது. நேரடிச் சாயம் ஈரத்தில் கசியும்.

சீட்டு அச்சிடும் செலவை எண்ணி நிர்வாகக் குழுவினர் சிலர் தயங்குகின்றனர். திரும்பி வரும் ஒரு கட்டுத் துணிக்கு ஆகும் வண்டிச் சத்தத்தை அவர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். சாயத்தின் வகை, சுருங்குமா சுருங்காதா, நுரை ஆகுமா ஆகாதா என்னும் மூன்று வரிகளைத் தமிழில் எழுதி, ஆசனத் துணி ஒவ்வொன்றின் கரையிலும் தைத்து அனுப்பினால் போதும்.