வீட்டுச் சேர்வரும் பக்கத்து அறைப் பெக்கப்பும்

கடையைச் சாத்திவிட்டு கல்லாப் பெட்டியைப் பூட்டாமல் வீட்டுக்குப் போகும் வியாபாரி நம்மில் ஒருவரும் இல்லை. ஆனால் யாரிடம் எவ்வளவு நிலுவை, எந்தக் காசோலை எந்தத் திகதியில் வங்கிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அடங்கியிருக்கும் கம்பியூட்டரைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. "மகன் பெக்கப் எடுத்து வைத்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். நானும் அப்படித்தான் தூங்கினேன்.

நான் சாதாரண தரம் வரை படித்தவன். புறக்கோட்டையில் பிடவை மொத்த வியாபாரம். வீட்டு மேல்மாடியில் பழைய கம்பியூட்டர் ஒன்றில் சேர்வருக்கான வின்டோஸைப் போட்டு மகன் கணக்குகளை எல்லாம் அதில் ஏற்றி வைத்தான். கடையிலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் அதில்தான் வேலை. பெக்கப்புக்கு அவன் செய்த ஏற்பாடு இதுதான்: பக்கத்து அறையில் மகளின் கம்பியூட்டரில் ஒரு போல்டரைத் திறந்து, அதை வீட்டு நெட்வேர்க்கில் பகிர்ந்து, ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு சேர்வர் தன் பிரதியை அங்கே எழுதும்படி செய்திருந்தான். தனியாக ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

2018 நோன்பின் கடைசிப் பத்தில் சேர்வரின் ஹார்ட் டிஸ்க் செத்துப் போனது. பெருநாளுக்காக வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பியிருந்த நேரம். மகளின் கம்பியூட்டரைத் திறந்து பார்த்தால், கடைசிப் பிரதி பெப்ரவரி மாதத்தது! அந்த மாதம் அவள் தன் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். சேர்வர் பழைய பாஸ்வேர்டோடு ஒவ்வொரு இரவும் கதவைத் தட்டிவிட்டு, "முடியவில்லை" என்று தன் பதிவில் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறது. அந்தப் பதிவை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று இரவுகள், தராவீஹுக்குப் பிறகு, பில் புத்தகங்களின் காபன் பிரதிகளை வைத்துக்கொண்டு எங்கள் பழைய காசாளரும் நானும் கணக்கை மீண்டும் ஏற்றினோம். அப்படியும் சிலரின் மிச்சம் சரிவரவில்லை. அம்பாறைப் பக்கத்து வியாபாரி ஒருவர் தன் கடன் கொப்பியைப் பார்த்து, "நானா, நீங்கள் சொல்வதை விட நான் கூடத் தர வேண்டும்" என்றார். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நானே உட்கார்ந்து படித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை எழுதுகிறேன்.

முதலாவது, பெக்கப்புக்கென்றே தனியாக ஒரு பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வைக்க வேண்டும். வீட்டில் ஒருவரும் அதை வேறு வேலைக்குப் பாவிக்கக் கூடாது. பகிர்ந்த போல்டரில் எழுதும் உரிமை அந்தப் பயனருக்கு மட்டும் போதும். வின்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: பகிர்வில் ஒன்று, போல்டரிலேயே ஒன்று. இரண்டில் எது இறுக்கமானதோ அதுதான் செல்லும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் "அனுமதி இல்லை" என்றே வரும்.

அடுத்தது, போல்டருக்கு "இசட்" போன்ற ஓர் எழுத்தைக் கொடுத்து டிரைவாக வைத்துக்கொள்வது பலரின் பழக்கம். அந்த எழுத்து உள்ளே நுழைந்திருக்கும் ஆளுக்குத்தான் தெரியும். நடுநிசியில் தானாக ஓடும் வேலைக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவே கம்பியூட்டரின் பெயர், போல்டரின் பெயர் என்று முழு முகவரியையும் கொடுப்பதே சரி. போல்டர் இருக்கும் கம்பியூட்டர் இரவில் தூக்க நிலைக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்வர் விழித்திருந்து மற்றது தூங்கினால் யாருக்குப் பிரயோசனம்?

இனி நான் அதிகம் பயந்த விஷயம். சேர்வர் வின்டோஸோடு வரும் பெக்கப் வசதி, நேரடியாகப் பொருத்திய தனி டிஸ்க்குக்கு எழுதினால் பல நாட்களின் பிரதிகளை வைத்திருக்கும். நெட்வேர்க் போல்டருக்கு எழுதினால் அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் முன்னைய பிரதியின் மேலேயே எழுதும். ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சும். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகலாம். இன்னொன்று, செவ்வாய்க்கிழமை கணக்கில் பிழை நுழைந்து அது வியாழக்கிழமை தெரிந்தால், கையில் இருப்பது பிழையான பிரதி. இதற்கு வழி எளிது. திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கொரு போல்டராக ஏழு திறந்து, அன்றன்றைய பிரதியை அன்றன்றைய போல்டருக்கு அனுப்புவது. ஏழு மடங்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். சாதாரண வின்டோஸ் 10, 11 இல் உள்ள "பைல் ஹிஸ்ட்ரி" நெட்வேர்க் போல்டரிலும் பைல்களின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும். ஆனால் அது பைல்களுக்கு மட்டும், முழுக் கம்பியூட்டருக்கு அல்ல.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் பைலைச் சும்மா இழுத்துப் பிரதி எடுப்பது ஆபத்து. அரைகுறையாக வரும், பிறகு திறக்காது. மென்பொருளுக்குள்ளேயே பெக்கப் கட்டளை இருந்தால் முதலில் அதைக் கொடுத்து, அது உண்டாக்கும் பைலை அனுப்புங்கள்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். பழைய 100 மெகாபிட் வயரில் 100 ஜிகாபைட் போக இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஜிகாபிட் வயரும் சுவிட்சும் இருந்தால், டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், கால் மணித்தியாலம் சொச்சம். வைபையை நம்பிப் பெரிய பெக்கப் போட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பகிர்ந்த போல்டர் மட்டும் போதாது என்பதை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. "வன்னாகிரை" என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது பரவியதே வின்டோஸின் பழைய பைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது, பலர் போடவில்லை. உங்கள் சேர்வர் எழுதக்கூடிய போல்டரில் அந்தச் சேர்வருக்குள் புகுந்த வைரஸும் எழுதும். இதில் அனுமதி, பாஸ்வேர்ட் எதுவும் காப்பாற்றாது. கழற்றி வைத்த டிஸ்க்தான் காப்பாற்றும். வெள்ளம், தீ என்று வந்தாலும் பக்கத்து அறைப் பிரதி சேர்வரோடு சேர்ந்தே போகும். 2004 சுனாமியில் கரையோரக் கடைகளின் கொப்பிகள் எங்கே போயின என்பது கிழக்கில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் இரவுப் பெக்கப் வழமை போல் நெட்வேர்க் போல்டருக்குப் போகிறது. அதோடு கையடக்க டிஸ்க் இரண்டு வாங்கினேன். வியாழக்கிழமை இரவு ஒன்றில் பிரதி எடுத்துக் கழற்றி, மறுநாள் கடை இரும்புப் பெட்டிக்குக் கொண்டு போகிறேன். அங்கிருந்ததை வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். மாதம் ஒரு முறை பழைய லெப்டொப் ஒன்றில் பெக்கப்பை விரித்து, ஏதாவதொரு கடைக்காரரின் நிலுவையை எடுத்து பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மகன் சிரிக்கிறான். மார்ச் மாதம் ஒருநாள் விரிக்க முடியாமல் போனபோது மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கம்பியூட்டரில் இடம் நிரம்பி, நான்கு நாட்களாக ஒன்றும் எழுதப்படவில்லை.