வெரோனாவில் இருவருக்கு ஒரு நாள்

இத்தாலியின் வெரோனா நகருக்கு வரும் தம்பதிகள் முதலில் தேடிப் போவது ஒரு பால்கனியை. கப்பெல்லோ தெருவில், எந்நேரமும் கூட்டம் நெரியும் ஒரு சின்ன முற்றத்தின் மேலே அது நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜூலியட் அங்கே நின்றுதான் ரோமியோவிடம் பேசினாள் என்று கைகாட்டுவார்கள். வீடு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். பால்கனிக்கு அந்த வயது இல்லை. நகர அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த அந்தோனியோ அவேனா, 1930களின் பிற்பகுதியில் வீட்டைப் புதுப்பித்தபோது பழைய கற்களைக் கொண்டு அதைப் பொருத்தினார். ஹாலிவுட்டில் எடுத்த ரோமியோ ஜூலியட் படம் வெளியாகி, ஊரின் பெயர் உலகெங்கும் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

ஜூலியட்டே கதையில் பிறந்தவள். லூயிஜி தா போர்த்தோ என்பவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய காதல் கதை, பல கைகள் மாறி ஷேக்ஸ்பியரிடம் வந்தது. அவர் இத்தாலியில் கால் வைத்ததற்கு ஆதாரம் இல்லை. பிறகு ஏன் இந்த வீடு? முற்றத்து வளைவில் ஒரு தொப்பி செதுக்கியிருக்கிறது. இத்தாலிய மொழியில் தொப்பிக்குப் பெயர் 'கப்பெல்லோ'. வீட்டுக்காரர்களின் குடும்பப் பெயரும் அதுவே. ஜூலியட்டின் குடும்பமான 'கப்புலெத்தி'க்கும் அதற்கும் ஒலியில் கொஞ்சம் நெருக்கம். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. முற்றத்தில் நிற்கும் வெண்கல ஜூலியட்டின் மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று லட்சக்கணக்கானோர் தொட்டுத் தொட்டுச் சிலை விரிசல் கண்டது. 2014இல் அதை உள்ளே கொண்டுபோய்விட்டு நகல் வைத்தார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பத்து நிமிடம் தாராளம்.

பக்கத்திலேயே எர்பே சதுக்கம். ரோமானியர் காலத்துப் பொதுமன்றம் இருந்த இடம். அதை ஒட்டிய ஒரு வளைவின் அடியில் திமிங்கிலத்தின் விலா எலும்பு ஒன்று தொங்குகிறது. பொய்யே சொல்லாத ஒருவர் கீழே நடந்தால் அது விழுமாம். இருவரும் சேர்ந்து நடந்து பார்க்கலாம், ஆபத்தில்லை.

அங்கிருந்து ஆடிஜே ஆற்றங்கரைக்கு நடந்தால் பியேத்ரா பாலம் வரும். பால்கனிக்குக் கொடுக்காத நேரத்தை இதற்குக் கொடுங்கள். 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் ஊர்க்காரர்கள் ஆற்றில் விழுந்த கற்களைத் தேடி எடுத்து, 1950களின் இறுதியில் பழையபடியே அடுக்கிக் கட்டினார்கள். வெள்ளைக் கல் வளைவுகள் ரோமானியரின் வடிவம். சிவப்புச் செங்கல் பின்னால் வந்தவர்களுடையது. இதுவும் 20ஆம் நூற்றாண்டின் கைவேலைதான், ஆனால் பால்கனியைப் போல் யாரையும் ஏமாற்றவில்லை. பாலத்தைத் தாண்டிப் படியேறினால், அல்லது இழுவை ரயிலில் போனால், சான் பியேத்ரோ குன்று. ஆறு ஊரை வளைத்துக்கொண்டு ஓடுவது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும்.

மாலையை அரேனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டிய நீள்வட்ட அரங்கம். 1117இல் வந்த நிலநடுக்கத்தில் வெளிச்சுவர் பெரும்பாலும் சரிந்தது. இப்போது நான்கு வளைவுகள் மட்டும் மிச்சம். ஊரார் அந்தத் துண்டை 'இறக்கை' என்கிறார்கள். 1913இல், இசையமைப்பாளர் வெர்தியின் நூற்றாண்டுக்காக, இங்கே 'ஐதா' இசைநாடகத்தை நடத்தினார்கள். கோடைதோறும் நடக்கும் இசைநாடக விழா அதிலிருந்து தொடங்கியது.

கீழே நாற்காலி டிக்கெட் விலை அதிகம். மேலே கல் படிகளில் மலிவு. பகல் முழுக்க வெயில் குடித்த கல், இரவிலும் சூடாக இருக்கும். ஆளுக்கொரு திண்டு இல்லாவிட்டால் இரண்டாம் அங்கத்துக்குள் முதுகு கெஞ்சும். இருட்டத் தொடங்கும்போது படிகளில் இருப்பவர்கள் சிறு மெழுகுவர்த்தி ஏற்றுவது பழைய வழக்கம். மழை வந்தால் நிறுத்தி வைப்பார்கள். நாடகம் தொடங்கிய பிறகு மழையால் கைவிட்டால் பணம் திரும்பாது. முடிய நள்ளிரவு தாண்டலாம். வெனிஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் என்றாலும், ரயிலை நம்பி ஓடாமல் அன்றிரவு வெரோனாவிலேயே அறை எடுத்துவிடுங்கள்.