மலைப்பாதைச் சைக்கிளுக்குப் பிடிப்பான டயர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லும் வேரும் செங்குத்து இறக்கமும் நிறைந்த பாதையில் வேகமாகச் சைக்கிள் ஓட்டும் விளையாட்டு இந்தியாவிலும் கவனம் பெற்று வருகிறது. ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் நடைபெற்றது. இத்தகைய பாதைக்கு டயர் வாங்கச் செல்வோரை, அதன் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களும் சுருக்கப் பெயர்களும் குழப்புகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு டயர்களின் விலையில் பெரிய வேறுபாடு இருப்பது ஏன் என்பதும் பலருக்குப் புரிவதில்லை. பொதுவாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

சைக்கிளுடன் வந்த டயரே போதாதா? யாருக்கு மாற்றம் தேவை?

தார்ச்சாலையிலும் சமதள மண்பாதையிலும் ஓட்டுவோருக்கு அதுவே போதும். விலை குறைந்த மலை சைக்கிள்களின் டயர்கள் பெரும்பாலும் கடினமான ரப்பரால் ஆனவை. நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரப்பாறையில் வழுக்கும். வேகமாக இறங்கி வளைவோரும், நனைந்த வேர்களையும் தளர்ந்த சரளையையும் அடிக்கடி கடப்போரும் மாற்றுவது நல்லது.

பிடிப்பைத் தீர்மானிப்பது டயரின் பட்டன்கள்தானே?

பட்டன்களின் வடிவம் நான்கு காரணங்களில் ஒன்று மட்டுமே. ரப்பரின் மென்மை, உள்ளே இருக்கும் நூலடுக்கு, காற்றழுத்தம் ஆகியவை மற்ற மூன்று. கெட்டி ரப்பரில் வார்த்த உயரமான பட்டனைவிட, மென்மையான ரப்பரில் வார்த்த சாதாரணப் பட்டன் ஈரப்பாறையை நன்றாகப் பிடிக்கும். மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டிய பாதையில்தான் பட்டனின் உயரமும் இடைவெளியும் முதலிடம் பெறுகின்றன.

மென்மையான ரப்பர் கூடுதலாகப் பிடிப்பது எப்படி?

பாறையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அது அமுங்கிப் படிகிறது. பழைய வடிவுக்கு மெதுவாகவே திரும்புவதால், கல்லில் மோதித் துள்ளாமல் தரையோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் அமுங்கி மீள்வதில் ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஏற்றத்தில் மிதிப்பது கனமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். தேய்மானமும் இவ்வகை ரப்பரில் அதிகம்.

'42ஏ', '60ஏ' என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

ரப்பரின் கடினத்தை அளக்கும் 'ஷோர் ஏ' அளவுகோலின் எண்கள் இவை. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும். 42ஏ மிக மென்மையான வகை, 60ஏ கெட்டியான வகை. பல நிறுவனங்கள் இப்போது எண்ணுக்குப் பதிலாகத் தாங்கள் சூட்டிய பெயரையே அச்சிடுகின்றன.

அந்தப் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

தைவானின் மேக்ஸிஸ் நிறுவன டயர்களில் 'மேக்ஸ்கிரிப்' மிக மென்மையானது, 'மேக்ஸ்டெரா' நடுத்தரமானது, 'மேக்ஸ்ஸ்பீட்' வேகத்துக்கானது. '3சி' என்றிருந்தால் ஒரே டயரில் மூன்று வகை ரப்பர்கள் உள்ளன என்று பொருள்: அடியில் கெட்டியானது, நடுவரிசையில் அதைவிட மென்மையானது, ஓரப் பட்டன்களில் எல்லாவற்றிலும் மென்மையானது. ஜெர்மனியின் ஷ்வால்பே 2017-ல் கொண்டுவந்த 'ஆடிக்ஸ்' வரிசையில் 'அல்ட்ரா சாஃப்ட்', 'சாஃப்ட்', 'ஸ்பீட்கிரிப்', 'ஸ்பீட்' என மென்மை படிப்படியாகக் குறைகிறது. ஒரு நிறுவனத்தின் 'சாஃப்ட்' மற்றொன்றின் 'சாஃப்ட்'டுக்குச் சமம் என்று கொள்ள முடியாது. ஒரே நிறுவனத்தின் வகைகளுக்குள் ஒப்பிடுவதே சரி.

'29x2.50 டபிள்யூ.டி.' என்றால் என்ன?

29 என்பது டயரின் ஏறத்தாழ வெளிவிட்டம், 2.50 என்பது அகலம், இரண்டும் அங்குலத்தில். 'டபிள்யூ.டி.' என்ற குறி, உள்ளகலம் 30 முதல் 35 மி.மீ. வரையுள்ள ரிம்முக்காக அந்த டயர் வடிவமைக்கப்பட்டதைக் காட்டுகிறது. அளவில் ஐயம் இருந்தால் '63-622' போல அச்சிடப்பட்டிருக்கும் மி.மீ. குறியீட்டின் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். அது 26 அங்குலச் சக்கரத்துக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. ரிம்மின் எண்ணும் டயரின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பொருந்தாது.

எவ்வளவு அகலம் தேவை?

கரடுமுரடான இறக்கங்களுக்கு முன்சக்கரத்தில் 2.4 அல்லது 2.5 அங்குலமும், பின்சக்கரத்தில் 2.3 முதல் 2.5 அங்குலமும் வழக்கம். வாங்கும் முன் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என அளக்க வேண்டும். டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 மி.மீ. விட்டால்தான் சேறும் கல்லும் சிக்காது. உள்ளகலம் 25 மி.மீ.க்கும் குறைவான பழைய ரிம்மில் 2.5 அங்குல டயர் உருண்டு திரண்டு நிற்பதால், வளைவில் பக்கவாட்டில் மடங்கும்.

முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டுமா?

அவசியமில்லை, வேறுபடுத்துவதே பெரும்பாலும் பயன் தரும். வளைவில் பின்சக்கரம் சறுக்கினால் பலமுறை சமாளித்துவிடலாம், முன்சக்கரம் சறுக்கினால் அநேகமாக விழுந்துவிட நேரும். ஆகவே மென்மையான ரப்பரும் பெரிய ஓரப் பட்டன்களும் உள்ள டயருக்கு உரிய இடம் முன்சக்கரம். பின்சக்கரத்தில் எடையும் கல்லடியும் அதிகம் என்பதால், அங்கு ஒரு படி கெட்டியான ரப்பரும் தடித்த நூலடுக்கும் பொருந்தும்.

ஒரு டயருக்கு மட்டுமே பணம் இருந்தால்?

முன்சக்கரத்துக்கே வாங்க வேண்டும். கீழே விழுவதைத் தடுப்பதில் இதற்கு ஈடான மாற்றம் சைக்கிளில் வேறு அரிது.

'மினியன் டி.எச்.எஃப்.', 'அசகாய்' என்று அதிகம் பேசப்படும் டயர்களுக்குள் என்ன வேறுபாடு?

இரண்டும் மேக்ஸிஸ் தயாரிப்புகள். 2000-களின் தொடக்கத்தில் வந்த மினியன் டி.எச்.எஃப். டயரில் நடுவரிசைக்கும் ஓரவரிசைக்கும் இடையே வெற்றிடம் உண்டு. சைக்கிளை நன்றாகச் சாய்த்தால் ஓரப் பட்டன்கள் உறுதியாகப் பிடிக்கும், அரைகுறையாகச் சாய்த்தால் பிடிப்பு சற்றே தளரும். நான்கு முறை டவுன்ஹில் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாருடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு 2018-ல் வெளிவந்த அசகாய் டயரில், அந்த வெற்றிடத்தை இடைப் பட்டன்கள் நிரப்புகின்றன. எந்தச் சாய்விலும் பிடிப்பு ஒரே சீராக இருப்பதால் புதிதாகக் கற்போருக்கு அசகாய் எளிது. ஆனால் மிதிக்க அதிக வலு வேண்டும்.

பின்சக்கரத்துக்கு எத்தகைய பட்டன் நல்லது?

பின்டயரின் முக்கிய வேலை பிரேக் பிடிக்கும்போது மண்ணைக் கவ்வுவதும், ஏற்றத்தில் வழுக்காமல் உந்துவதும்தான். நடுவரிசையில் துடுப்புபோல் குறுக்காக அமைந்த அகலமான பட்டன்கள் இரண்டுக்கும் உதவும், 'மினியன் டி.எச்.ஆர். 2' இவ்வகையைச் சேர்ந்தது. முன்னால் அசகாய், பின்னால் டி.எச்.ஆர். 2 என்ற இணை பரவலாகப் பயன்படுகிறது.

மழைக்காலத்துக்குத் தனி டயர் வேண்டுமா?

ஆழமான சேறு நாள்தோறும் இருந்தால் மட்டுமே வேண்டும். மேக்ஸிஸ் 'ஷார்ட்டி' போன்ற சேற்று டயர்களில் பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருப்பதால் மண் அப்பிக்கொள்ளாமல் உதிர்கிறது. அதே பட்டன்கள் கடினமான பாறையில் வளைந்து நெளிவதால் அங்கு நம்பிக்கை தராது. ஈர வேரும் ஈரப்பாறையும் மட்டுமே சிக்கல் என்றால், சேற்று டயரைவிட மென்மையான ரப்பரும் குறைந்த காற்றழுத்தமும் கைகொடுக்கும்.

'எக்ஸோ', 'டபுள்டவுன்', 'டி.எச்.' என்ற குறிகள் எதற்கு?

ரப்பருக்குள் இருக்கும் நூலடுக்கின் வலுவை இவை குறிக்கின்றன. மேக்ஸிஸ் வகைகளில் 'எக்ஸோ' என்பது ஒற்றை அடுக்கும் பக்கச்சுவர் பாதுகாப்பும் கொண்டது, 'டபுள்டவுன்', 'டி.எச்.' இரண்டும் ஈரடுக்கு. 29 அங்குல அளவில் எக்ஸோ டயர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், டி.எச். வகை 1.3 கிலோவைத் தாண்டும். எடை கூடினாலும் தடித்த டயர் கூர்ங்கல்லில் எளிதில் கிழியாது, குறைந்த காற்றிலும் எளிதில் மடங்காது. மிக மென்மையான ரப்பருக்குச் செலவழித்துவிட்டு மெல்லிய நூலடுக்கைத் தேர்ந்தெடுப்பவர், பஞ்சருக்குப் பயந்து காற்றை ஏற்றி அந்த ரப்பரின் பலனை இழக்க நேரிடுகிறது.

புதிதாக வந்துள்ள 'ரேடியல்' சைக்கிள் டயர் என்ன செய்கிறது?

வழக்கமான சைக்கிள் டயரில் நூல்கள் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. 2024-ல் ஷ்வால்பே அறிமுகம் செய்த 'மேஜிக் மேரி', 'ஆல்பர்ட்' ரேடியல் டயர்களில் நூல்கள் சக்கரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்காக, அதைவிடச் செங்குத்தாக ஓடுவதால், கல் பட்ட இடம் மட்டும் தனியே அமுங்க முடிகிறது. தரையைத் தொடும் பரப்பு 30 சதவீதம் வரை கூடுகிறது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. இவ்வகை டயர் இயல்பாகவே நெகிழ்வானது என்பதால், வழக்கமான டயருக்கு வைத்த காற்றழுத்தத்தை அப்படியே வைக்காமல் சில பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

சுமார் 70 கிலோ எடையுள்ளவர், டியூப் இல்லாத 2.4 அல்லது 2.5 அங்குல டயரில், முன்னால் 20 முதல் 23 பி.எஸ்.ஐ., பின்னால் 23 முதல் 26 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். எடை கூடினாலோ டியூப் இருந்தாலோ இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஏற்ற வேண்டும். பிறகு பழகிய ஒரே பாதையில், ஒவ்வொரு முறையும் 1 பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை: ரிம் கல்லில் இடித்தாலோ வளைவில் டயர் மடங்கினாலோ காற்று குறைவு, கற்களின் மேல் துள்ளிச் சறுக்கினால் அதிகம். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டுள்ள உச்சவரம்புகளில் குறைவானதை ஒருபோதும் மீறக் கூடாது.

பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கலாமா?

இச்சக்கரங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மெல்லிய 'பிரெஸ்டா' வால்வு. பங்க் குழாய் அதற்கு அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. தவிர, 1 பி.எஸ்.ஐ. மாறினாலே பாதையில் வித்தியாசம் தெரியும் என்பதால், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் டிஜிட்டல் மானி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் அளக்க வேண்டும்.

டியூப்லெஸ் ஆக மாற்றுவது கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் பிடிப்புக்காகவே டயர் மாற்றுபவருக்கு அது மிகப் பயனுள்ளது. டியூப் இருக்கும்போது காற்றைக் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். டியூப் இல்லாவிட்டால் அந்த அச்சம் நீங்கிக் காற்றைக் குறைக்க முடிகிறது. டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற டயர், ரிம், ரிம் டேப், வால்வு, சீலன்ட் திரவம் ஆகிய ஐந்தும் தேவை.

சீலன்ட் எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை நாள் தாங்கும்?

29 அங்குல டயர் ஒன்றுக்குச் சுமார் 100 மி.லி. போதும். லேட்டக்ஸ் வகைச் சீலன்ட் பொதுவாக 2 முதல் 6 மாதங்களில் உலர்ந்துவிடும். வெப்பமான ஊர்களில் குறைந்த காலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சக்கரத்தை ஆட்டும்போது உள்ளே திரவம் அலையும் சத்தம் கேட்காவிட்டால் மீண்டும் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மின்மோட்டார் உள்ள மலை சைக்கிளுக்கும் இவையே பொருந்துமா?

ரப்பரும் பட்டனும் பொருந்தும். எடை பல கிலோ கூடுதல் என்பதால், பின்சக்கரத்திலாவது ஈரடுக்கு டயர் வேண்டும்.

விலை என்ன?

பெயர்பெற்ற நிறுவனங்களின் இவ்வகை டயர் ஒன்று அமெரிக்காவில் பெரும்பாலும் 60 முதல் 110 டாலர் வரை விற்கிறது. இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேர்வதால் இந்தியாவில் விலை கடைக்குக் கடை மாறும். ஒரே பெயருள்ள டயர் பல ரப்பர் வகைகளிலும் பல நூலடுக்குகளிலும் வருகிறது. விலையை ஒப்பிடும்போது பெயரை மட்டுமன்றி இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி எதற்கு?

சக்கரம் சுழலும் திசையை அது காட்டுகிறது. மாற்றி மாட்டினால் பட்டன்களின் சரிவான முகப்பும் செங்குத்தான பிரேக் விளிம்பும் இடம் மாறி, உருள்வதும் நிற்பதும் கெடும். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஒரு திசையும் பின்சக்கரத்துக்கு வேறு திசையும் குறிக்கப்பட்டிருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர் கணக்கு இதற்கு உதவாது. பாறைப்பாதையில் மென்மையான டயர் மிக விரைவில் தேயும். பட்டன் விளிம்புகள் மழுங்குவது, ஓரப் பட்டன்கள் அடியில் கிழிவது, அவற்றின் மேலுள்ள மெல்லிய கீறல்கள் மறைவது ஆகியவை பிடிப்பு போய்விட்டதன் அடையாளங்கள். நூல் வெளியே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். தேய்மானம் மிதமாக இருந்தால், பழைய முன்டயரைப் பின்னால் மாட்டிப் புதியதை முன்னால் பொருத்துவது செலவைக் குறைக்கும். தேய்ந்த பின்டயரை முன்னால் மாட்டக் கூடாது.