குறைந்த செலவில் இதழியல் கல்வி: பட்டத்தின் பெயரும் படிப்பின் விலையும்

மருத்துவம் பார்க்க மருத்துவ மன்றத்தில் பதிவு வேண்டும். நீதிமன்றத்தில் வாதாட வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு வேண்டும். ஆனால் செய்தியாளராகப் பணியாற்ற இன்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கூறவில்லை. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, செய்தியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை வகுப்பதற்காக 2013-இல் ஒரு குழுவை அமைத்தார் எனினும், அம்முயற்சி சட்டமாகவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஊடகத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவரும், அவருக்காகக் கடன் வாங்க ஆயத்தமாகும் பெற்றோரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. பட்டம் கட்டாயமில்லை என்பதால் படிப்பு தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆனால் அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரியில் சேர்ந்தால்தான் செய்தியாளராக முடியும் என்ற எண்ணத்திற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பெயர்கள் பல, பாடங்கள் வேறு

ஊடகப் படிப்புகள் ஒன்றுபோல் தோன்றும் பல பெயர்களில் வழங்குகின்றன. பி.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் என்பது செய்தி சேகரித்தல், எழுதுதல், செம்மைப்படுத்துதல், ஊடகச் சட்டம், ஊடக அறம் ஆகியவற்றை மையமாகக் கொண்டது. விஸ்காம் என்று வழக்கில் அழைக்கப்படும் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல், ஓவியம், ஒளிப்படம், வரைகலை, விளம்பரம், படத்தொகுப்பு, குறும்படம் ஆகிய கலைகளுக்கு முதலிடம் தருவது. இவற்றுக்கு அப்பால், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் சேரக்கூடிய இரண்டாண்டு முதுகலைப் படிப்பும், பெரும்பாலும் ஓராண்டில் முடியும் முதுநிலைப் பட்டயப் படிப்பும் உள்ளன. பட்டயம் என்பது தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சான்றாகும். அது முதுகலைப் பட்டத்திற்கு ஈடாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால், பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ விரும்புபவர் முதுகலையையே தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தி எழுத விரும்பும் மாணவர் விஸ்காம் படிப்பில் சேர்ந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு ஏமாற்றமடைவதும், திரைப்படத்தின்மீது நாட்டம் கொண்டவர் இதழியல் வகுப்பில் அமர்ந்து சலிப்பதும், பெயரை மட்டும் பார்த்துப் பாடத்திட்டத்தைப் பாராமல் சேர்வதால் நேர்வன.

கட்டணம் எங்கே கூடுகிறது?

தமிழ்நாட்டில் இப்படிப்புகளின் விலை வேறுபடுவதற்கான காரணம், கல்லூரியின் தரத்தைக் காட்டிலும் அதன் நிதி அமைப்பிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசே வழங்குவதோடு, மாணவர் செலுத்த வேண்டிய கல்விக் கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டிருப்பதால், சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகளே எஞ்சுகின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இரண்டு பிரிவுகள் இயங்குகின்றன: ஆசிரியருக்கு அரசு ஊதியம் தரும் உதவி பெறும் பிரிவு ஒன்று, மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடத்தப்படும் சுயநிதிப் பிரிவு மற்றொன்று. தமிழ், வரலாறு, பொருளியல் போன்ற பழைய பாடங்கள் பெரும்பாலும் முதற்பிரிவிலும், பின்னாளில் வந்த காட்சித் தொடர்பியல் போன்றவை பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலும் இடம்பெறுகின்றன. ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ், அடுத்தடுத்த வகுப்பறைகளில் அமரும் இரு மாணவர்கள் செலுத்தும் தொகை பல மடங்கு வேறுபடுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே, உதவி பெறும் கல்லூரி என்ற பெயரைக் கண்டு நிறைவடையாமல், விரும்பும் பாடம் எந்தப் பிரிவில் நடத்தப்படுகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

கட்டண ரசீதில் வராத செலவுகளும் உள்ளன. காட்சித் தொடர்பியல் மாணவருக்குக் கேமராவும், படத்தொகுப்பு மென்பொருளைத் தாங்கக்கூடிய லேப்டாப்பும் தேவைப்படுகின்றன. கல்லூரியே அவற்றை மாணவருக்கு வழங்குகிறதா, அல்லது சொந்தமாக வாங்கியாக வேண்டுமா என்பது மொத்தச் செலவைப் பெரிதும் மாற்றிவிடும். உள்ளகப் பயிற்சி, அதாவது படிப்பின் ஒரு பகுதியாக ஊடக நிறுவனத்தில் சில வாரங்கள் பணியாற்றுவது, பல இடங்களில் ஊதியமின்றி நடைபெறுவதால், வெளியூர் மாணவருக்கு அந்த வாரங்களின் தங்குமிடமும் சாப்பாடும் தனிச் செலவாகின்றன. மூன்றாண்டுக்கான கல்விக் கட்டணம், விடுதி, பயணம், கருவி, பயிற்சிக் காலச் செலவு ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு படிப்பின் உண்மையான விலை புலப்படும்.

இரண்டு படிகளில் ஏறும் வழி

இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும் எளிய குடும்பங்களுக்குப் பெரிதும் பொருந்துவது இரண்டு படிகளில் ஏறும் வழியாகும். முதற்படியாக, அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல், தமிழ், புள்ளியியல் போன்ற ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெறலாம். இரண்டாம் படியாக, ஒரு பல்கலைக்கழகத் துறையில் இதழியல் முதுகலையோ முதுநிலைப் பட்டயமோ பயிலலாம். சென்னை, மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், பாரதியார், பெரியார் ஆகிய மாநிலப் பல்கலைக்கழகங்களிலும், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கல்விக்கான துறைகள் இயங்குகின்றன. புதுதில்லியில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் ஒன்றிய அரசின் கீழ் நடைபெறுகிறது. தமிழ்நாடு அரசும் 2025-இல் சென்னை கோட்டூர்புரத்தில் இதழியல் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்தத் தலைப்பட்டுள்ளது.

இவ்வழி செலவைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் பொருள்கொள்ளப் பொருளியலும், ஒரு சாதிக் கலவரத்தின் வேரை அறிய வரலாறும், தெளிந்த நடையில் எழுதத் தமிழும் கைகொடுக்கின்றன. எழுதும் முறையை ஓராண்டில் கற்பிக்க முடியும். எழுதுவதற்குரிய பொருளறிவு சேர மூன்றாண்டுகளாவது வேண்டும்.

வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க வேண்டியவருக்குத் தொலைநிலைக் கல்வி உதவும். 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதழியல் படிப்புகளை இம்முறையில் வழங்கிவருகிறது. எந்தப் பல்கலைக்கழகமாயினும், குறிப்பிட்ட அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அவ்வாண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா என்பதை அக்குழுவின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

உதவித்தொகையும் கடனும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. மாணவர்களுக்கு இதே உதவியைத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதல் வழங்குகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கும் இவ்வுதவி விரிவாக்கப்பட்டுள்ளது. ஆனால் அஞ்சல்வழியில் படிப்போருக்கு இது கிடைப்பதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் கல்லூரி திறக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது, கடைசி நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை மாணவர் தரப்பில் முன்பணம் கேட்கப்படுவதில்லை. எனினும், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் அந்நாட்களுக்கான வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தொடக்க நிலைச் செய்தியாளர் ஊதியம் பெரிதாக இராத இத்துறையில், முதல் வேலையிலேயே பெரிய தவணையைச் சுமப்பவர், பிடித்த பணியை விட்டுவிட்டுக் கிடைத்த பணிக்குச் செல்ல நேரிடுகிறது.

சேரும் முன் காண வேண்டியவை

ஒரு துறையின் தரத்தை அறிய விளம்பரக் கையேட்டைக் காட்டிலும் நம்பத்தக்க சான்று அத்துறை மாணவர்கள் வெளியிடும் பயிற்சி இதழ். மாணவர்களே செய்தி சேகரித்து, பக்கம் வடிவமைத்து, தம் பெயருடன் வெளியிடும் இவ்விதழின் கடைசி மூன்று பிரதிகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவற்றில் கல்லூரி விழாச் செய்திகள் மட்டுமே நிறைந்திருந்தால், மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே அனுப்பப்படுவதில்லை என்று கொள்ளலாம். உள்ளூர்க் குடிநீர், மருத்துவமனை, சந்தை பற்றிய செய்திகள் இருந்தால், அங்கே இதழியல் கற்பிக்கப்படுகிறது என்று நம்பலாம். இதழே இல்லையெனில், அதுவும் ஒரு விடைதான். சேர்ந்த பின் விலக நேர்ந்தால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு அறிவுறுத்தியிருப்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

பணம் செலவாகாத பயிற்சிக் களங்களும் ஒவ்வோர் ஊரிலும் உள்ளன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. அங்கே சென்று அமரும் மாணவர், வாசிக்கப்பட்ட தொகையைக் குறித்துக்கொண்டு, கால்வாய் தூர்வாரியதாகச் சொல்லப்பட்ட இடத்தை நேரில் பார்த்து, கணக்கும் களமும் பொருந்தாவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு அனுப்பலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு, ஊராட்சித் தலைவரின் விளக்கத்தையும் கேட்டு, முந்நூறு சொற்களில் பிழையின்றி எழுதுபவர் இதழியலின் அடிப்படைகளான கேட்டல், சரிபார்த்தல், இரு தரப்பையும் பதிதல் ஆகிய மூன்றையும் ஒரே முயற்சியில் கற்றுவிடுகிறார்.

எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கினால், அவர்களுடைய தெருவின் செய்தியை எழுத ஆளில்லாமல் போகும். எனவே, பிள்ளையின் விருப்பம் இதழியல் என்றால், பெற்றோர் வீட்டை அடமானம் வைக்கும் முன், அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் சென்று விசாரிக்க வேண்டும்.