புற்றுக்கு இடம் கொடுக்கும் பாக்கு

தேஹு ரோடு ஸ்டேஷனில் காலை லோகலுக்கு நிற்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை. ராணுவ டெப்போ வேலைக்கென்று வந்து, தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இந்தக் கண்டோன்மென்ட்டில் நிறைய. வந்த இடத்தில் மராத்தியும் வடாபாவும் பழகியதுபோல் சிலருக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையோடு போட்ட பாக்கு போய், ஷிப்ட் முழுவதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் பாக்கு வந்துவிட்டது. பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் கசக்கிய மாவாவோ, வெறும் பொட்டலப் பாக்கோ, கையில் கிடைப்பது எதுவோ அது.

சில வருஷம் இப்படிப் போனபின், ஒரு நாள் காரக்குழம்பு பட்டதும் வாய் எரிகிறது. உடம்புச் சூடு என்று மோர் குடிக்கிறார். பிறகு வாய் முன்போல் அகலத் திறப்பதில்லை. இட்லியைச் சிறிது சிறிதாகப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. புண் இல்லை, கட்டி இல்லை. ஆகவே டாக்டரிடம் போவதும் இல்லை. தவறு அங்கேதான் நேர்கிறது.

புற்றுநோய் என்றால் ஒரு செல் கெட்டு, கட்டுப்பாடின்றிப் பெருகுவது என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். அது பாதிக் கதை. கட்டியில் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், கெட்ட செல்களுக்கு நடுவே நல்ல செல்களும் ஏராளமாக இருக்கும். ரத்தக் குழாய்ச் செல்கள், கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள், திசுக்களைத் தாங்கி நிற்கும் நார்ச் செல்கள் எல்லாம் உண்டு. வேலை தேடி வருகிறவனுக்கு ஊர்க்காரர் ஒருவர் பாய் போட இடம் கொடுத்து, மெஸ்ஸைக் காட்டி, நாலு இடத்தில் சொல்லி வைப்பாரே, அந்த உபகாரத்தை இந்தச் செல்கள் புற்றுக்குச் செய்கின்றன. வளர்ச்சிக்கான ரசாயனங்களைச் சுரக்கின்றன. புது ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டுகின்றன. கெட்ட செல் நகர்ந்து போக வழி வெட்டிக் கொடுக்கின்றன. தாக்க வரும் வெள்ளை அணுக்களைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு.

இந்த எண்ணம் நேற்று பிறந்ததல்ல. லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1889-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோய் கல்லீரலுக்கு அடிக்கடி பரவியிருந்தது, மண்ணீரலுக்கு அபூர்வமாகவே பரவியிருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1986-இல் அமெரிக்க டாக்டர் ஹரால்ட் டுவோராக், புற்றுக்கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டார். காயம் பட்டால் அதை ஆற்ற ஓடிவரும் செல்களே கட்டியிலும் கூடுகின்றன. ஆனால் அங்கே வேலையை முடித்துக்கொண்டு திரும்புவதில்லை.

பாக்கு போடுகிறவர் வாயில் நடப்பது இதற்குக் கண்கூடான உதாரணம். இங்கே விதை முளைப்பதற்கு முன்பே மண் மாறிவிடுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்தோலுக்கு அடியிலுள்ள நார்ச் செல்களைத் தூண்டிவிட, அவை கொல்லாஜன் என்னும் நாரை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. பாக்கில் செம்புச் சத்தும் அதிகம். நார்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைக்கும் ஒரு நொதிக்கு அந்தச் செம்பு துணை போகிறது. கயிறாக இறுகிய நாரை உடம்பால் எளிதில் கரைக்க முடிவதில்லை. ரத்த ஓட்டம் குறைந்து, மேல்தோல் மெலிந்து வெளுக்கிறது. கன்னத்தைத் தடவினால் உள்ளே பட்டை பட்டையாகத் தட்டுப்படும்.

கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நிலையைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் 1952-இல் எழுதினார். அடுத்த வருஷமே இந்தியாவில் இதை எஸ்.ஜி. ஜோஷி விவரித்தார். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துப் பல்நோய் ஆய்வாளர்கள், எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படி வாய் இறுகிய 66 பேரைப் பதினேழு வருஷ காலத்தில் கண்காணித்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது என்று 1985-இல் தெரிவித்தார்கள். நூற்றுக்கு ஏழு எட்டுப் பேர். மற்றவர்களுக்கு வரவில்லையே என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் அந்த ஐந்தில் தாம் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கிற பொருள் கெடுதல் செய்யுமா என்ற எண்ணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை கலக்காத பாக்கையும் புற்றை உண்டாக்கும் பொருளாக 2004-இல் அறிவித்துவிட்டது. மகாராஷ்டிர அரசு 2012-இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. சாதாரணக் கொட்டைப்பாக்கு அந்தத் தடையில் சேரவில்லை.

அப்படியானால் நார்ச் செல்களையே ஒழித்துவிட்டால் என்ன? கணையப் புற்று கண்ட எலிகளில் அதைச் செய்து பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. எலிகளின் நோய் இன்னும் முற்றியது. அந்தச் செல்களில் சில, புற்றை அடக்கியும் வைத்திருந்தன போலும். ஆகவே அவற்றை அழிக்காமல் பழைய குணத்துக்குத் திருப்பும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணாடி முன் நின்று, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம். நுழையவில்லை என்றாலும், காரம் பட்டால் எரிகிறது என்றாலும், பல் டாக்டரிடம் வாயைக் காட்டிவிடுவது நல்லது. பாக்கை அன்றோடு நிறுத்த வேண்டும். வாய்ப் பயிற்சி, ஊசி மருந்து, மிகவும் இறுகியிருந்தால் ஆபரேஷன் என்று டாக்டர்கள் சிகிச்சை செய்கிறார்கள். இறுகிய நார் பாக்கை விட்டதும் முழுக்க இளகிவிடுவதில்லை. ஆகவே விட்ட பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது வாயைக் காட்டி வர வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ தெரிந்தால் அந்தத் தவணைக்கும் காத்திருக்கக் கூடாது.